டிஜி போட்டதும் கரண்ட் ஆடுகிறதா? அறிகுறி பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

பர்கூர், கிருஷ்ணகிரி பக்கத்து கிரானைட் யூனிட்டுகளிலும் மாம்பழக் கூழ் ஆலைகளிலும் அடிக்கடி வரும் புகார் இதுதான்: ஈபியில் (மின்வாரிய சப்ளையில்) ஒழுங்காக ஓடும் மெஷின் டிஜிக்கு (டீசல் ஜெனரேட்டருக்கு) மாறியதும் டிரிப் அடிக்கிறது, அதாவது தானாக நின்றுவிடுகிறது. விளக்கு மங்கி மங்கி எரிகிறது, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவின் டிஸ்ப்ளேவில் ஏதோ ஒரு எழுத்து வந்து நிற்கிறது. உடனே டிரைவைக் கழற்றி ஓசூருக்கு அனுப்புகிறார்கள். "டிரைவில் ஒன்றுமில்லை" என்று அது திரும்பி வருகிறது. போக்குவரத்துச் செலவும் மூன்று நாள் உற்பத்தியும் போனதுதான் மிச்சம்.

மின்சாரத்தால் உந்தப்படும் கப்பலில் ஈபி கிடையாது. சில டீசல் ஜெனரேட்டர்கள், அவற்றின் மின்சாரம் வந்து சேரும் ஒரு பஸ்பார், அதிலிருந்து டிரைவ், டிரைவிலிருந்து புரொப்பல்லர் மோட்டார், அவ்வளவுதான். ஈபி போன நிமிடத்திலிருந்து உங்கள் யூனிட்டும் அப்படி ஒரு கப்பல்தான். முட்டுக் கொடுக்கப் பின்னால் ஊர் அளவு மின்தொகுப்பு இல்லை. ஒரு மோட்டார் இழுத்தால் மற்ற எல்லாவற்றுக்கும் அது தெரியும். அதனால் கப்பலில் செய்யும் சில வேலைகளை இங்கேயும் செய்யலாம். அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

கீழே உள்ள கணக்குகள் 125 கேவிஏ டிஜியை வைத்துப் போட்டவை. அதன் முழு லோடு கரண்ட் 415 வோல்ட்டில் 174 ஆம்ஸ். உங்களுடையது 250 என்றால் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

## கையில் இருக்க வேண்டியவை

ட்ரூ ஆர்எம்எஸ் டாங் டெஸ்டர் (வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் மீட்டர்) ஒன்று வேண்டும். சாதா டாங் டெஸ்டர் டிரைவின் இன்புட் கரண்டைக் கணிசமாகக் குறைத்துக் காட்டும், அதை நம்பினால் கணக்கு முழுக்கத் தப்பும். 1000 வோல்ட் டிசி வரை அளக்கும் மல்டிமீட்டர், வெப்பம் பார்க்கும் ஐஆர் கன், இன்சுலேட்டட் ஸ்குரூ டிரைவர், ஒரு மார்க்கர் பேனா, ஒரு நோட்டு. இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் இருந்தால் நல்லது. ஆனால் டிரைவ் இணைப்பில் இருக்கும்போது மோட்டார் கேபிளை மெக்கர் போடக் கூடாது, டிரைவின் உள்ளே இருக்கும் ஐஜிபிடி என்ற பவர் சுவிட்ச் போய்விடும். கேபிளை டிரைவிலிருந்து கழற்றிய பிறகுதான் மெக்கர்.

டிரைவ் மூடியைத் திறப்பதற்கு முன் மெயினை அணைத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். பிறகு டிசி பஸ் (டிரைவ் உள்ளே டிசி வோல்டேஜ் நிற்கும் பகுதி) டெர்மினல்களில் மல்டிமீட்டரை வைத்து 50 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பாருங்கள். டிஸ்ப்ளே அணைந்துவிட்டது என்பது அடையாளம் ஆகாது. டிஸ்ப்ளே போன பிறகும் உள்ளே ஆளைத் தூக்கியெறியும் அளவுக்குச் சார்ஜ் நிற்கும்.

## முதல் பத்து நிமிடம்: எது ஆடுகிறது?

எந்தப் பழுதுக்கும் முதலில் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். ஈபியிலும் ஆடுகிறதா, டிஜியில் மட்டுமா? ஆடுவது ஹெர்ட்ஸா, வோல்டேஜா?

டிஜியை லோடு இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். மூன்று பேஸ் வோல்டேஜையும் ஹெர்ட்ஸையும் நோட்டில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு லோடாகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். எந்த லோடு ஏறியதும் ஆட்டம் தொடங்குகிறது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

லோடே இல்லாமல் ஹெர்ட்ஸ் ஆடினால் கோளாறு இன்ஜின் பக்கம். ஹெர்ட்ஸ் அசையாமல் வோல்டேஜ் மட்டும் ஆடினால் ஆல்டர்னேட்டர் பக்கம். பெரிய மோட்டார் போடும் கணத்தில் மட்டும் இரண்டும் சேர்ந்து விழுந்தால் லோடு அதிகம், அல்லது லோடு ஏறும் முறை சரியில்லை. ஈபியிலும் அதே ஆட்டம் இருந்தால் டிஜியை விட்டுவிட்டு ஈபி பற்றிய பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: லோடு இல்லாமலே ஹெர்ட்ஸ் ஏறி இறங்குகிறது

இன்ஜின் சத்தத்திலேயே தெரியும். இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை மூச்சு இழுப்பதுபோல ஏறி இறங்கும். ஆபரேட்டர்கள் இதை "ஹன்டிங்" என்பார்கள்.

மலிவானதிலிருந்து தொடங்குங்கள்.

டீசல் ஃபில்டர். பெரும்பாலான இன்ஜின்களில் 250 மணிநேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருப்பார்கள், கையேட்டைப் பாருங்கள். பேரலிலிருந்து வாளியில் ஊற்றும் டீசல் என்றால் அதற்கும் முன்பே அடைக்கும். வாட்டர் செப்பரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள்.

டீசல் லைனில் காற்று. டேங்க் ஒருமுறை வறண்டு ஓடியிருந்தாலோ ஃபில்டர் மாற்றியிருந்தாலோ இதுதான் முதல் சந்தேகம். ஃபில்டர் தலையில் உள்ள காற்றுப்போக்கியைத் தளர்த்தி, நுரை இல்லாமல் டீசல் வரும்வரை கைப்பம்பை அடியுங்கள். மறுநாளே மீண்டும் காற்று ஏறினால் பம்புக்கு முன்னால் உள்ள ஹோஸ் கிளாம்பையோ காப்பர் வாஷரையோ பாருங்கள். உறிஞ்சும் பக்கத்துக் கசிவில் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால் கண்ணுக்குப் படாது.

ஏர் ஃபில்டர். கிரானைட் யூனிட்டில் டிஜி ரூம் கட்டிங் ஷெட்டை ஒட்டி இருந்தால் கையேட்டில் சொன்ன கால அளவை மறந்துவிடுங்கள். இண்டிகேட்டர் சிவப்பானால் மாற்றுங்கள். அடைத்த ஏர் ஃபில்டரோடு லோடில் கறும்புகையும் சேர்ந்து வரும்.

அடுத்து இன்ஜின் வேகத்தை நிலையாக வைக்கும் கவர்னர். மெக்கானிக்கல் கவர்னர் என்றால் இணைப்புக் கம்பியின் பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். மெக்கானிக்கல் கவர்னரில் லோடு இல்லாதபோது 52, முழு லோடில் 50 ஹெர்ட்ஸ் என்று இறங்குவது இயல்பு, அது பழுது இல்லை. அதைப் பழுது என்று நினைத்து லோடு இல்லாதபோதே 50க்கு இறக்கி வைத்துவிடுகிறார்கள். பிறகு லோடில் 48க்குப் போகிறது, அங்கிருந்துதான் அடுத்த தொல்லை.

எலக்ட்ரானிக் கவர்னர் என்றால் ஃப்ளைவீல் பக்கம் இருக்கும் மேக்னெடிக் பிக்கப்பைப் பாருங்கள். அதன் முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் வேகத்தைத் தப்பாகப் படிக்கும். கழற்றித் துடைத்து, இன்ஜின் நின்றிருக்கும்போது பல்லின் உச்சியில் தொடும்வரை கையால் திருகி, பிறகு முக்கால் சுற்றுப் பின்னால் எடுத்து லாக் நட்டைப் பூட்டுங்கள். பல் இடுக்கில் முனையை இறக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தால் பிக்கப் உடைந்துவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஆடினால் இன்ஜெக்டர், பம்ப், கவர்னர் கெய்ன் என்று போகும். அது டிஜி சர்வீஸ்காரரின் வேலை. பம்பின் சீலைக் கையால் உடைக்காதீர்கள்.

## அறிகுறி: ஹெர்ட்ஸ் நிலையாக இருக்கிறது, வோல்டேஜ் மட்டும் ஆடுகிறது

ஏவிஆரை (ஆல்டர்னேட்டர் வோல்டேஜைத் தானாகச் சீராக வைக்கும் போர்டை) குறை சொல்வதற்கு முன் ஏவிஆருக்கு வோல்டேஜ் எடுத்துவரும் சென்சிங் வயர்களைப் பாருங்கள். இன்ஜின் அதிர்வில் அந்த மெல்லிய வயரின் லக் (முனையில் இருக்கும் இணைப்புத் துண்டு) தளர்வதுதான் மிகச் சாதாரணமான காரணம். டிஜியை நிறுத்தி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு வயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள். பழைய பிரஷ் வகை ஆல்டர்னேட்டர் என்றால் கார்பன் பிரஷ் நீளத்தையும் ஸ்லிப் ரிங்கில் கறுப்புத் தடம் விழுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்து ஏவிஆரின் ஸ்டெபிலிட்டி திருகு. இருக்கும் இடத்தை மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். லோடு இல்லாமல் ஓடும்போது ஒரு திசையில் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, பத்து விநாடி பாருங்கள். ஆட்டம் குறைந்தால் அந்தத் திசை, கூடினால் எதிர்த் திசை. எந்தப் பக்கம் திருப்பினாலும் மாற்றமே இல்லையென்றால் கோட்டுக்கே திருப்பி வைத்துவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் வோல்ட், யுஎஃப்ஆர்ஓ திருகுகளைத் தொட வேண்டாம்.

யுஎஃப்ஆர்ஓ என்பது ஹெர்ட்ஸ் ஓர் அளவுக்குக் கீழே போனால் வோல்டேஜையும் சேர்த்து இறக்கும் அமைப்பு. 50 ஹெர்ட்ஸ் செட்டில் அது வழக்கமாக 47 பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கும். லோடு ஏறும்போது ஏவிஆரில் சின்ன எல்இடி எரிந்து வோல்டேஜ் விழுந்தால் ஏவிஆர் தன் வேலையைத்தான் செய்கிறது. கோளாறு இன்ஜின் வேகத்தில். முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள்.

லோடு இல்லாமல் 415 அப்படியே நிற்கிறது, டிரைவ்கள் ஓடத் தொடங்கியதும் விளக்கு துடிக்கிறது என்றால் அது வேறு கிளை. டிரைவ் இழுக்கும் கரண்ட் சீரான அலை இல்லை, 50 ஹெர்ட்ஸின் மடங்குகளான 250, 350 ஹெர்ட்ஸ் அலைகள், அதாவது ஹார்மோனிக், அதில் கலந்திருக்கும். ஈபி டிரான்ஸ்பார்மர் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆல்டர்னேட்டரின் உள் எதிர்ப்பு டிரான்ஸ்பார்மரைவிட இரண்டு மூன்று மடங்கு என்பதால் அதே கரண்ட் இங்கே வோல்டேஜ் அலையையே நெளிக்கும். நெளிந்த அலையைப் படிக்கும் ஏவிஆர் குழம்பும்.

இதற்கு மலிவான மருந்து இன்புட் சோக், அதாவது கரண்டின் நெளிவைக் குறைக்கும் சுருள். ஒவ்வொரு டிரைவுக்கும் முன்னால் 3 சதவீத ஏசி சோக் போடுங்கள். 37 கிலோவாட் டிரைவுக்கு ஏறக்குறைய 75 ஆம்ஸ், 0.3 மில்லிஹென்றி வரும். சோக் இல்லாத டிரைவின் ஹார்மோனிக் கரண்ட் 80 சதவீதத்தைத் தாண்டுவது உண்டு, சோக் போட்டால் ஏறக்குறைய பாதியாகும். டிரைவுக்கு உள்ளேயே டிசி சோக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் பலன் இவ்வளவு தெரியாது.

அடுத்த படி, ஒரு பேஸை மட்டும் படிக்கும் ஏவிஆரை எடுத்துவிட்டு மூன்று பேஸையும் படிக்கும் பிஎம்ஜி வகைக்கு (தனியான சிறு காந்த ஜெனரேட்டரிலிருந்து பவர் எடுப்பது) மாறுவது. அதற்கும் அடங்காவிட்டால் பெரிய ஆல்டர்னேட்டர். டிரைவ் லோடு மட்டுமே இருக்கும் இடத்தில் மொத்த டிரைவ் கேவிஏவின் ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு டிஜி வேண்டும் என்று சொல்வது இதனால்தான். கப்பல்களில் 12, 24 பல்ஸ் டிரைவ்கள் போடுவதும் இதே காரணத்துக்காக. அங்கே வோல்டேஜ் நெளிவுக்கு 8 சதவீதம் என்று கப்பல் வகைப்பாட்டுச் சங்கங்களின் விதிகள் எல்லை வைத்திருக்கின்றன.

லோடு ஏற ஏற வோல்டேஜ் தளர்ந்துகொண்டே போய், ஏவிஆர் மாற்றியும் சரியாகவில்லையென்றால் ரோட்டரில் சுழலும் டையோடுகளில் ஒன்று போயிருக்கலாம். ஆல்டர்னேட்டர் ஆளைக் கூப்பிடுங்கள். ஆறு டையோடு மாற்றும் செலவு சின்னது. அதைப் பார்க்காமல் மூன்றாவது ஏவிஆரையும் எரித்துவிட்டு உட்காருவதுதான் பெரிய செலவு.

## அறிகுறி: பெரிய மோட்டார் போட்டதும் டிரைவ் "அண்டர்வோல்டேஜ்" காட்டி நிற்கிறது

எல்லாவற்றிலும் அதிகம் வருவது இதுதான். கூழ் ஆலையில் சில்லர் கம்ப்ரசர், கிரானைட்டில் ஏர் கம்ப்ரசர் என்று பெயர்தான் மாறும்.

கணக்கு இப்படி. 50 எச்பி மோட்டாரின் கரண்ட் சுமார் 68 ஆம்ஸ். நேரடியாக ஸ்டார்ட் செய்தால் ஆறு மடங்கு, அதாவது 400 ஆம்ஸுக்கு மேல். உங்கள் டிஜியின் முழுத் திறனே 174. அந்தக் கணத்தில் வோல்டேஜ் 25, 30 சதவீதம் விழும். 415 என்பது 290 ஆனால் டிரைவின் டிசி பஸ் 560லிருந்து 390க்கு இறங்கும். பல டிரைவ்களின் அண்டர்வோல்டேஜ் எல்லை அங்கேதான் இருக்கிறது. டிரைவ் டிரிப் ஆகாமல் தப்பினாலும் 75 சதவீதத்துக்குக் கீழே வோல்டேஜ் போகும்போது கான்டாக்டர்கள் (மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் காந்த சுவிட்சுகள்) படபடக்கத் தொடங்கும். அந்தப் படபடப்பில் பாயின்ட் ஒட்டிக்கொள்ளும்.

செலவில்லாத சோதனைகள் முதலில்:

1. ஸ்டார்டெல்டா (மோட்டாரைக் குறைந்த கரண்டில் தொடங்கி, பிறகு முழு வோல்டேஜுக்கு மாற்றும் ஸ்டார்ட்டர்) டைமர். ஸ்டாரில் இருந்து டெல்டாவுக்கு மாறும் நொடியில் டாங் டெஸ்டரைப் பாருங்கள். மோட்டார் வேகம் எடுத்துக் கரண்ட் இறங்கிய பிறகு மாற வேண்டும். யாரோ 3 விநாடியில் வைத்திருப்பார்கள், மோட்டார் பாதி வேகத்தில் இருக்கும்போதே டெல்டா விழும். அப்போது நேரடி ஸ்டார்ட்டுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. 8, 10 விநாடிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

2. கம்ப்ரசர் அன்லோடர் வால்வு. நின்ற பிறகு தலையில் காற்று தங்கியிருந்தால் அடுத்த ஸ்டார்ட் முழு லோடில் நடக்கும். நிற்கும்போது "புஸ்" என்று காற்று வெளியேறும் சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் கோளாறு டிஜியில் இல்லை, ஒரு சின்ன வால்வில்.

3. வரிசை. பெரிய மோட்டாரை முதலில், டிஜி வெறுமையாக இருக்கும்போது போடுங்கள். டிரைவ்கள் கடைசியில். ஈபி போய் டிஜி எடுத்ததும் எல்லா கான்டாக்டரும் ஒரே நேரத்தில் இழுக்கும் அமைப்பு இருந்தால், ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி இடைவெளி விட்டு ஆன் டிலே டைமர் போடுங்கள். டைமர் விலை ஒரு கட்டிங் பிளேடு செக்மென்ட் செட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

4. லக். டிஜி பிரேக்கர், சேஞ்ச்ஓவர் சுவிட்ச், பேனல் இன்கமர் மூன்றிலும் லோடு ஓடும்போது ஐஆர் கன்னால் ஒவ்வொரு பேஸையும் பாருங்கள். மூன்றில் ஒன்று மட்டும் 15 டிகிரி கூடுதலாக இருந்தால் அங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறது. காப்பர் பஸ்பாரில் வெறும் அலுமினிய லக்கை வைத்து முறுக்கிய இடத்தில் இது நிச்சயம் வரும். லக்கின் கழுத்தில் இருக்கும் சிவப்பு, மஞ்சள் ஸ்லீவ் பழுப்பேறி மொறமொறவென்று விரிசல் விட்டிருக்கும். மேலும் முறுக்குவதால் சரியாகாது. வெட்டிவிட்டு, இரு உலோக லக் வைத்து, பேஸ்ட் தடவிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள்.

இதற்கும் கேட்காவிட்டால் சாஃப்ட் ஸ்டார்ட்டர், அல்லது கம்ப்ரசருக்கே ஒரு டிரைவ். டிரைவ் போட்டால் ஸ்டார்ட் கரண்ட் மோட்டார் கரண்டைத் தாண்டாமல் ஏற்றலாம். ஆக்சலரேஷன் நேரத்தை 10லிருந்து 30 விநாடிக்குக் கூட்டினாலே டிஜி மூச்சுவிடும்.

இந்த இடத்தில் கப்பலின் பழக்கம் ஒன்றைக் கடன் வாங்கலாம். அங்கே பெரிய மோட்டாரின் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் உடனே ஓடாது. ஜெனரேட்டரில் இடம் இருக்கிறதா என்று பவர் மேனேஜ்மென்ட் அமைப்பு பார்க்கும். இல்லையென்றால் இன்னொரு ஜெனரேட்டரை எடுத்துச் சேர்த்த பிறகே அனுமதிக்கும். இடையில் ஒரு ஜெனரேட்டர் நின்றுபோனால் புரொப்பல்லர் டிரைவின் பவரை உடனே இறக்கும். கப்பல் சற்று மெதுவாகப் போகும், ஆனால் இருட்டாகாது. உங்கள் யூனிட்டில் இதன் எளிய வடிவம்: டிஜி பிரேக்கரின் துணை கான்டாக்டிலிருந்து இரண்டு வயர் இழுத்து டிரைவின் டிஜிட்டல் இன்புட்டில் கொடுங்கள். அது மூடியிருக்கும்போது டிரைவ் இரண்டாவது செட்டிங்குக்கு மாறட்டும், அதில் கரண்ட் லிமிட்டைக் குறைத்து ராம்ப் (வேகம் ஏறும்) நேரத்தைக் கூட்டி வையுங்கள். பெரும்பாலான தொழிற்சாலை டிரைவ்களில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை.

டிரிப் ஆனால் தானாக மறுபடி ஓடும் ஆட்டோ ரீஸ்டார்ட் வசதியைக் கட்டர், பல்ப்பர், கன்வேயர் எதிலும் போடாதீர்கள். நின்றுவிட்டதென்று கையை உள்ளே விட்டிருப்பார்கள்.

## அறிகுறி: கட்டர் ஓடும்போது ஒரே தாளத்தில் ஆடுகிறது

பிளாக் கட்டர் ஒவ்வொரு தடவை முனைக்குப் போய்த் திரும்பும்போதும் ஆம்மீட்டர் ஏறி இறங்கினால் அது பழுது இல்லை, வேலையின் இயல்பு. ஆனால் ஏற்றம் அதிகமானால் குறைக்கலாம். ஒரு பாஸுக்குப் பிளேடை இறக்கும் ஆழத்தைக் குறையுங்கள், டிராலி வேகத்தைக் குறையுங்கள், பிளேடுக்குத் தண்ணீர் சீராக வருகிறதா பாருங்கள். செக்மென்ட் மழுங்கியிருந்தால் ஆம்ஸ் ஏறும். அலையில் புரொப்பல்லர் பாதி வெளியே வந்து மீண்டும் மூழ்கும்போது கப்பலின் பஸ்பாரும் இப்படித்தான் ஆடும். அங்கே வேகத்தை விட்டுக்கொடுத்துப் பவரை நிலையாக வைக்கும்படி டிரைவை ஓட்டுவார்கள், சில கப்பல்களில் பேட்டரியும் வைக்கிறார்கள். இங்கே டிராலி டிரைவின் வேகத்தைப் பிளேடு மோட்டாரின் ஆம்ஸைப் பார்த்துத் தானாகக் குறையும்படி வைத்தால் அதுவே போதும்.

## அறிகுறி: லோடு குறைந்ததும் வோல்டேஜ் 440, 450 என்று ஏறுகிறது

டிஜியில் கெப்பாசிட்டர் பேங்க் ஆன் ஆகியிருக்கிறது. வேறு எதையும் பார்ப்பதற்கு முன் ஏபிஎஃப்சி பேனலை (கெப்பாசிட்டர்களைத் தானாக ஆன், ஆஃப் செய்யும் பேனலை) அணையுங்கள். வோல்டேஜ் உடனே இறங்கினால் பழுது கிடைத்துவிட்டது.

ஈபி பில்லில் பவர் ஃபேக்டருக்காகப் போட்ட கெப்பாசிட்டர் டிஜிக்கு ஆகாது. மோட்டார்கள் நின்று கெப்பாசிட்டர் மட்டும் மிஞ்சினால் ஏவிஆர் ஃபீல்டைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கினாலும் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். 125 கேவிஏ ஆல்டர்னேட்டர் இப்படித் தாங்குவது 25 கேவிஏஆர் பக்கம்தான், பல பேனல்களில் 50 இருக்கும். நிரந்தரத் தீர்வுக்குச் செலவு இல்லை: டிஜி பிரேக்கரின் என்சி (பிரேக்கர் திறந்திருக்கும்போது மூடியிருக்கும்) துணை கான்டாக்டை ஏபிஎஃப்சி கன்ட்ரோல் சப்ளையில் தொடராகக் கொடுங்கள். டிஜி பிரேக்கர் மூடினால் கெப்பாசிட்டர் எல்லாம் தானாக விழுந்துவிடும். மோட்டார் டெர்மினலிலேயே நேரடியாகக் கட்டிய தனிக் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்றும் தேடுங்கள். அது எந்த பேனல் டிராயிங்கிலும் இருக்காது. டிரைவின் அவுட்புட் பக்கம் அப்படி ஒன்று இருந்தால் டிரைவே எரியும்.

ஈபியில் ஓடும்போது கெப்பாசிட்டரின் உடல்நலத்தைப் பார்க்க டாங் டெஸ்டர் போதும். 440 வோல்ட், 25 கேவிஏஆர் கெப்பாசிட்டர் 415 வோல்ட்டில் 31 ஆம்ஸ் எடுக்க வேண்டும். 23க்குக் கீழே என்றால் உள்ளே செத்துக்கொண்டிருக்கிறது. 40ஐத் தாண்டினால் டிரைவ்களின் ஹார்மோனிக்கை விழுங்குகிறது. மேல்மூடி தட்டையாக இல்லாமல் விரல் வைத்தால் மேடாகத் தெரிந்தாலோ, அடியில் எண்ணெய்க் கசிவு இருந்தாலோ அன்றைக்கே கழற்றுங்கள். தொடும் முன் ஐந்து நிமிடம் விட்டு, மீட்டரால் அளந்து, பிறகு டெர்மினல்களை இணைத்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள்.

டிரைவ் நிறைய இருக்கும் இடத்தில் வெறும் கெப்பாசிட்டர் மாற்றினால் ஆறு மாதத்தில் மறுபடி போகும். 7 சதவீத டீட்யூன்ட் ரியாக்டரோடு (ஹார்மோனிக் கெப்பாசிட்டருக்குள் போகாமல் தடுக்கும் சுருளோடு) போட வேண்டும். ரியாக்டர் வந்தால் கெப்பாசிட்டர் மேல் வோல்டேஜ் 446க்கு ஏறும், அதனால் 480 அல்லது 525 வோல்ட் கெப்பாசிட்டர்தான் வாங்க வேண்டும். பழைய 440ஐ அப்படியே வைத்து ரியாக்டரை மட்டும் சேர்ப்பது வழக்கமான தப்பு.

கெப்பாசிட்டரைச் சின்ன சாமான் என்று நினைப்பவர்களுக்கு: 2010 செப்டம்பர் 23 அன்று பார்சிலோனா துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்த குயின் மேரி 2 கப்பலில் ஹார்மோனிக் ஃபில்டர் அறையில் ஒரு கெப்பாசிட்டர் வெடித்தது. புரொப்பல்லர் மோட்டார்கள் எல்லாம் நின்று, கப்பலே இருட்டானது. நாளாக நாளாகக் கெப்பாசிட்டர் கெட்டுவந்ததுதான் விசாரணையில் தெரியவந்த காரணம். அதை முன்கூட்டிக் காட்ட வேண்டிய கரண்ட் கண்காணிப்பு அமைப்பும் வேலை செய்யாமல் இருந்திருக்கிறது.

## அறிகுறி: கிரேன் இறக்கும்போது "ஓவர்வோல்டேஜ்", அல்லது ஹெர்ட்ஸ் எகிறுகிறது

பிளாக்கை இறக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறும். 20 டன் பிளாக்கை நிமிடத்துக்கு 4 மீட்டர் வேகத்தில் இறக்கினால் 13 கிலோவாட், உராய்வு போக 10 கிலோவாட் பக்கம் திரும்பி வரும்.

டிரைவ் உள்ள ஹாய்ஸ்ட் என்றால் அந்தச் சக்தி டிசி பஸ்ஸில் ஏறி 800 வோல்ட் பக்கம் டிரிப் ஆகும். டிரைவை அணைத்து, காத்திருந்து, திரும்பி வரும் சக்தியை வெப்பமாக எரிக்கும் பிரேக் ரெசிஸ்டரின் ஓமை அளந்து பெயர்ப்பலகையோடு ஒப்பிடுங்கள். முடிவிலி காட்டினால் ரெசிஸ்டர் அறுந்திருக்கிறது. ஓம் சரியாக இருந்தும், பலமுறை இறக்கிய பிறகும் ரெசிஸ்டர் பெட்டி சூடாகவில்லையென்றால் சாப்பர் (அந்தச் சக்தியை ரெசிஸ்டருக்குத் திறந்துவிடும் சுவிட்ச்) வேலை செய்யவில்லை. அது டிரைவ் ஆளுக்கு. டிசெலரேஷன் நேரத்தைக் கூட்டுவது டிராலிக்குச் சரி. ஹாய்ஸ்டில் ஓவர்வோல்டேஜ் ஸ்டால் தடுப்பு என்ற வசதியை ஆன் செய்து டிரிப்பை மறைக்காதீர்கள். பஸ் ஏறும்போது டிரைவ் வேகத்தைக் கூட்டிவிடும், பிளாக் கீழே ஓடும்.

டிரைவ் இல்லாத பழைய ஹாய்ஸ்ட் என்றால் அந்த 10 கிலோவாட் நேராக டிஜிக்கே வரும். 100 கிலோவாட் இன்ஜின் தன் திறனில் பத்தில் ஒரு பங்கைத்தான் உள்வாங்கும், எல்லையில் நிற்கிறீர்கள். எளிய வழி, கிரேன் இறக்கும்போது டிஜியில் வேறு லோடு இருக்கட்டும். கம்ப்ரசரோ கட்டரோ ஓடிக்கொண்டிருந்தால் திரும்பி வருவதை அது தின்றுவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் நின்றிருக்கும்போது பிளாக் இறக்கினால்தான் ஹெர்ட்ஸ் எகிறும். கப்பலை அவசரமாக நிறுத்தும்போதும் புரொப்பல்லர் இதே மாதிரி சக்தியைத் திருப்பி அனுப்பும். அதற்கென்றே பெரிய பிரேக் ரெசிஸ்டர்கள் வைத்திருப்பார்கள்.

மெக்கானிக்கல் பிரேக் வழுக்குகிறது என்ற சந்தேகம் வந்தால் அதோடு கிரேனை நிறுத்துங்கள்.

## அறிகுறி: ஈபியிலும் ஆடுகிறது

மூன்று பேஸுக்கு இடையேயும் அளந்து எழுதுங்கள். 400, 412, 418 என்று இருந்தால் சராசரி 410, அதிலிருந்து அதிக விலகல் 10, ஏற்றத்தாழ்வு 2.4 சதவீதம். 2ஐத் தாண்டினால் காரணம் தேடுங்கள், 5ஐத் தாண்டினால் மோட்டார் ஓட்டாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு உங்கள் பக்கம் ஃப்யூஸ், லக் எல்லாம் பாருங்கள். லோடு எல்லாம் எடுத்த பிறகும் மீட்டர் இன்கமரில் ஏற்றத்தாழ்வு இருந்தால் அது மின்வாரியப் பக்கம், எழுத்தில் புகார் கொடுங்கள். 390க்கும் 440க்கும் வெளியே நிற்கும் வோல்டேஜுக்கும் அப்படியே.

ஆபீஸில் ஒரு பக்கம் விளக்கு பளீரென்றும் இன்னொரு பக்கம் மங்கியும் எரிந்தால் நியூட்ரல் விட்டிருக்கிறது. அளந்துகொண்டு நிற்காதீர்கள், மெயினை அணையுங்கள். சிங்கிள் பேஸ் சாமான்களுக்கு 300 வோல்ட்டுக்கு மேல் போய்க்கொண்டிருக்கும்.

எர்த் பற்றி ஒன்று. இந்த மாவட்டங்களின் பாறை நிலத்தில் மழைக்காலத்தில் 4 ஓம் காட்டிய எர்த் குழி ஏப்ரலில் இருபதைத் தாண்டும். காரணமில்லாமல் டிரைவ் எர்த் ஃபால்ட் காட்டுவது, சென்சார் தப்பாகப் படிப்பது எல்லாம் கோடையில் மட்டும் வந்தால் எர்த் மெக்கரை வரவழையுங்கள். கோடையில் அளந்த அளவே உண்மை அளவு. குழிக்குத் தண்ணீர் விட்டும் இறங்காவிட்டால் இன்னும் ஆழமான குழியோ, இணையாக இரண்டாவது குழியோ வேண்டும்.

## அறிகுறி: இரண்டு டிஜி சேர்த்து ஓட்டும்போது ஒன்று இழுக்கிறது, ஒன்று தள்ளுகிறது

கிலோவாட் சமமில்லையென்றால் கவர்னர் டிரூப் (லோடு ஏற ஏற வேகத்தைச் சற்று இறக்கும் செட்டிங்), ஆம்ஸ் மட்டும் சமமில்லையென்றால் ஏவிஆர் டிரூப் சிடி (ஏவிஆருக்குக் கரண்ட் அளவைச் சொல்லும் சிறு டிரான்ஸ்பார்மர்). லோடு இல்லாமலே இரண்டிலும் ஆம்ஸ் காட்டினால் சிடி முனை தலைகீழாக இருக்கலாம். இதற்கு மேல் நீங்களே செய்ய வேண்டியது எதுவுமில்லை. தப்பான கோணத்தில் பிரேக்கர் விழுந்தால் கிராங்க் ஷாஃப்டே முறுக்கும். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரும் டிஜி சர்வீஸ்காரரும் ஒரே நாளில் வரும்படி கூப்பிடுங்கள். தனித்தனியாக வந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

அவர்கள் வருவதற்கு முன் அந்த நோட்டில் இவை இருக்கட்டும்: லோடு இல்லாமலும் லோடிலும் மூன்று பேஸ் வோல்டேஜ், ஹெர்ட்ஸ், ஆம்ஸ், டிரைவின் கடைசி ஐந்து ஃபால்ட் கோடும் அந்த நேரத்து டிசி பஸ் வோல்டேஜும், டிஜி மணிநேரம், கடைசியாக ஃபில்டர் மாற்றிய மணிநேரம், ஏவிஆர் திருகில் நீங்கள் போட்ட மார்க்கர் கோட்டின் போட்டோ.